ஞானம்: அறிபவரை மாற்றும் அறிவு

ஒரு பாடகரைப் பற்றி 'அவருக்கு நல்ல ராக ஞானம்' என்று சொல்லும்போது, ராகங்களின் ஆரோகண அவரோகணங்கள் அவருக்கு மனப்பாடம் என்று தமிழர் பொருள் கொள்வதில்லை. மனப்பாடம் செய்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. ராகம் அவருக்குள் ஊறிக் கிடக்கிறது, வாய் திறந்தால் பிசகாமல் வரும் என்பதுதான் பொருள். ஏட்டைத் தொடாமல் காதால் கேட்டுக் கேட்டே ஊறியதற்குக் 'கேள்வி ஞானம்' என்று தனிப் பெயரே இருக்கிறது.

இதே சொல் கோயிலிலும் தர்காவிலும் மாதா கோவிலிலும் புழங்குகிறது. சரியை, கிரியை, யோகம் என்ற மூன்று படிகளுக்கும் மேலே சைவர்கள் வைத்தது ஞானம். தக்கலை பீர் முகம்மது அப்பாவின் பெரும்பாடலுக்கு ஞானப்புகழ்ச்சி என்று பெயர். ஆண்டு விழாவின்போது அவருடைய தர்காவில் அது விடிய விடியப் பாடப்படுகிறது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி கிறித்தவப் போதனையை ஞானோபதேசம் என்ற பெயரில் எழுதினார். ஞானஸ்நானம், ஞானப் பெற்றோர், ஞானப்பாட்டு என்ற சொற்கள் இன்றைக்கும் தமிழ்க் கிறித்தவ வீடுகளில் அன்றாடப் பேச்சு. மூன்று சமயத்தார் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டது தற்செயலாக நடந்ததில்லை. தகவலாகத் தெரிந்துகொள்வது வேறு, தெரிந்துகொள்பவரையே வேறொருவராக ஆக்கிவிடும் அறிவு வேறு என்ற பாகுபாடு மூன்று மரபுகளுக்கும் தேவைப்பட்டது. அதைச் சொல்லத் தமிழில் ஒரு சொல் தயாராக இருந்தது.

மற்ற மொழிகளும் இந்தப் பாகுபாட்டைத் தத்தம் வழியில் செய்திருக்கின்றன. கிரேக்கத்தின் 'க்னோசிஸ்' வடமொழி ஞானத்துக்கு உடன்பிறப்பு. இரண்டும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஒரு செய்தியை அறிவதைவிட ஓர் ஆளை நேரில் பழகி அறிவதற்குக் க்னோசிஸ் நெருக்கமான சொல். எபிரேயத்தில் 'தாஅத்' என்னும் அறிவுக்குரிய வினைச்சொல்லையே விவிலியம் கணவன் மனைவி கூடுவதற்கும் பயன்படுத்துகிறது. அரபியில் கற்றுப் பெறுவது 'இல்ம்', இறைவனை நேரில் உணர்ந்தறிவது 'மஃரிஃபா'. இந்த இரண்டாவது சொல்லைச் சூஃபி நெறியின் மையத்தில் நிறுத்தியவராக மரபு சொல்வது 9ஆம் நூற்றாண்டு எகிப்தியரான துன்னூனை. பௌத்தம் இன்னும் நுணுக்கமாக, பிரக்ஞையை மூன்றாகப் பிரித்தது: கேட்டதால் வருவது, சிந்தித்ததால் வருவது, பாவனையால் அதாவது தியானப் பயிற்சியால் வருவது. மூன்றாவது வராமல் முதல் இரண்டும் விடுதலைக்குப் போதா என்பது அதன் முடிவு. சமணம் ஐந்து வகை ஞானங்களை எண்ணி, எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் அனைத்தையும் அறியும் கேவல ஞானத்தை உச்சியில் வைத்தது. ஆனால் நற்காட்சியும் நல்லொழுக்கமும் இரு பக்கமும் நின்றால்தான் நல்ஞானம் வீடு சேர்க்கும் என்பதில் சமணர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

சொற்களைவிடக் கதைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. சாந்தோக்கிய உபநிடதத்தில் நாரதர் சனற்குமாரரிடம் வந்து தமக்குத் தெரிந்தவற்றைப் பட்டியலிடுகிறார். நான்கு வேதம், இதிகாச புராணம், இலக்கணம், கணக்கு, நிமித்தம், தருக்கம், பாம்புகளைப் பற்றிய வித்தை வரை பட்டியல் நீள்கிறது. இவ்வளவும் கற்றும் துயரம் தீரவில்லையே என்பதுதான் அவர் கொண்டுவந்த குறை. கற்றதெல்லாம் வெறும் பெயர் என்கிறார் ஆசான். அதே நூலில் பன்னிரண்டு ஆண்டு குருகுலம் முடித்து இருபத்து நான்கு வயதில் செருக்கோடு திரும்பும் சுவேதகேதுவைத் தந்தை உத்தாலகர் எதிர்கொள்கிறார். உப்புக் கட்டியைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்கிறார். காலையில் அதை எடுத்து வா என்கிறார். மகன் துழாவிப் பார்க்கிறான், கிடைக்கவில்லை. மேலிருந்து குடித்துப் பார், நடுவிலிருந்து, அடியிலிருந்து என்கிறார். எங்கும் உப்பு. பன்னிரண்டு ஆண்டுப் பாடம் தராததை ஒரு குவளைத் தண்ணீர் தந்தது. நாவில் வைத்துப் பார்க்கும் இந்த உவமை உபநிடதத்தோடு நிற்கவில்லை. சூஃபிகள் தம் அனுபவத்துக்கு வைத்த பெயரே 'தவ்க்', அதாவது சுவை.

தமிழ்ச் சைவ மரபு சொல்லும் கதை இன்னும் கூர்மையானது. திருவெண்ணெய்நல்லூரில் இளம் வயது மெய்கண்டார் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய தந்தைக்குக் குருவான சகலாகம பண்டிதர், ஆகமம் அனைத்தும் அறிந்த முதியவர், அங்கே வந்து நிற்கிறார். ஆணவ மலத்தின் இயல்பு என்ன என்று கேட்கிறார். மெய்கண்டார் பதில் சொல்லவில்லை. நிற்கும் முதியவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார், அவ்வளவே. தாம் நின்ற நிலைதான் விடை என்பது பண்டிதருக்கு உறைத்தது. சிறுவனின் காலில் விழுந்தார். அவரே பின்னாளில் அருணந்தி சிவாசாரியார் என்று அறியப்பட்டார். ஆணவத்தின் இலக்கணம் அவர் அறியாததல்ல. அதை எத்தனையோ முறை பாடம் சொல்லியிருப்பார். தெரிந்த ஒன்று அன்றைக்குத்தான் தம்மைப் பற்றியது என்று ஆனது.

பாக்தாதின் நிஜாமிய்யா கல்விச்சாலையில் தலைமைப் பேராசிரியராக இருந்த கஸ்ஸாலிக்கு (1058–1111) நடந்ததும் இந்த வகைதான். 1095இல் ஒரு நாள் பாடம் சொல்ல நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டனர். சூஃபிகளின் நூல்கள் அனைத்தையும் கற்றிருந்தும், நலம் என்பதன் வரையறையை அறிவதற்கும் நலமாக இருப்பதற்கும் உள்ள தொலைவு தமக்கும் அந்த வழிக்கும் இடையே கிடப்பதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் எழுதினார். பதவியைத் துறந்து டமாஸ்கஸ், ஜெரூசலம் என்று அலைந்து, பத்தாண்டுக்கு மேல் கழித்தே மறுபடி கற்பிக்க வந்தார். சட்டமும் தருக்கமும் பொய் என்று அவர் சொல்லவில்லை; அவை எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்று சொன்னார். ஐரோப்பாவில் தாமஸ் அக்வினாஸ் 1273 டிசம்பர் 6ஆம் நாள் பூசையின்போது நேர்ந்த ஏதோ ஒன்றுக்குப் பிறகு எழுதுகோலை வைத்துவிட்டார். உதவியாளர் கெஞ்சியும் மீண்டும் எடுக்கவில்லை. எழுதியதெல்லாம் தமக்கு வைக்கோலாகத் தெரிகிறது என்றாராம். மூன்று மாதத்தில் இறந்தார். அவருடைய பெருநூல் மூன்றாம் பகுதியில் அறுந்து நிற்கிறது.

இவற்றையெல்லாம் அடுக்கிவைத்து, எல்லா மதமும் ஒரே ஞானத்தைத்தான் சொல்கிறது என்று முடித்துவிடுவது எளிது. மேடைக்கும் அது ஏற்றது. மரபுகளை ஊன்றிக் கற்பவர் அப்படிச் சொல்லத் தயங்குவார். அத்வைதத்தில் ஞானம் புதிதாக எதையும் தருவதில்லை; எப்போதும் இருக்கும் ஆன்மாவின் மேல் கிடக்கும் அறியாமையை நீக்குகிறது. பௌத்தம் நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை எனக் காண்பதையே ஞானம் என்கிறது. சைவ சித்தாந்தம் கருவி கரணங்களால் வருவதைப் பாச ஞானம் என்றும், உயிர் தன்னையே பெரிதாகக் காண்பதைப் பசு ஞானம் என்றும் ஒதுக்கி, இறைவன் அருளால் உணர்த்த உணர்வதை மட்டுமே பதி ஞானம் என்கிறது. நானே பிரமம் என்ற உணர்வை அது பசு ஞானத்தின் வரிசையில் வைக்கும். அத்வைதிக்கு முடிவான இடம் சித்தாந்திக்கு நடுவழிச் சத்திரம். கிறித்தவத்திலோ, அறிவு செருக்கை வளர்க்கும், அன்பே கட்டியெழுப்பும் என்ற பவுலின் எச்சரிக்கை முதல் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பொதுவாக இருப்பது ஞானத்தின் உள்ளடக்கம் இல்லை; அறிபவர் பழைய ஆளாகவே இருந்துகொண்டு இந்த அறிவைப் பெற முடியாது என்ற நிபந்தனைதான் பொது.

அந்த நிபந்தனையிலிருந்து அடுத்தது தானாகவே வருகிறது. ஆளை மாற்றும் அறிவு ஆளைக் குலைக்கவும் கூடும். எனவே எல்லா மரபும் இதற்கு வாசல் வைத்தது. இறைவனின் தேரைப் பற்றிய எசேக்கியேலின் காட்சியை, தானாகவே புரிந்துகொள்ளும் அளவு முதிர்ந்தவராக இருந்தாலொழிய ஒரே ஒருவருக்குக்கூடக் கற்பிக்கக் கூடாது என்கிறது யூதர்களின் மிஷ்னா. தோட்டத்துக்குள் நுழைந்த நால்வரின் கதை தால்மூதில் உண்டு. ஒருவர் பார்த்து இறந்தார், ஒருவருக்குச் சித்தம் கலங்கியது, ஒருவர் நெறி பிறழ்ந்து செடிகளை வெட்டினார், நான்காமவரான அகிவா மட்டும் நலமாக வெளியே வந்தார். சூஃபி வழியில் சீடரான முரீது குருவான ஷெய்குவிடம் வாக்குக் கொடுக்க வேண்டும். ஜென் மடங்களில் மாணவர் கண்டது மெய்தானா என்று ஆசான் நேருக்கு நேர் சோதித்த பிறகே சான்று. வேதாந்தத்தில் கேட்டல், சிந்தித்தல், இடைவிடாது தியானித்தல் என்ற வரிசை. வாசலின் வேலை இரண்டு: பக்குவம் வருமுன் நுழைவதைத் தடுப்பது, நுழைந்தவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளாமல் பார்ப்பது.

மூன்றாவதாக ஒரு வேலையையும் வாசல்கள் செய்தன. அதை மறைக்கக் கூடாது. பிறப்பால் ஆட்களை வெளியே நிறுத்தின. பிரம சூத்திர உரையில் சங்கரர் சூத்திரருக்கு வேதத்தின் வழியே வரும் பிரம ஞானத்தில் உரிமை இல்லை என்று வாதிடுகிறார். உபநிடதத்திலேயே கார்க்கியும் மைத்திரேயியும் பேசியிருந்தும், பிற்காலப் பெண்கள் பலருக்கு அந்த அவை மூடியே இருந்தது. பக்குவத்தைச் சோதிக்க வைத்த வாசல் சாதியைச் சோதிக்கும் வாசலானது, ஞானத்தின் பெயரால் நடந்த பெரும் அநீதி. வைணவ மரபு போற்றும் ஒரு காட்சி அதற்கு எதிராக நிற்கிறது. இராமானுசர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து மந்திரப் பொருளைப் பெற்றார். யாருக்கும் சொல்லாதே, சொன்னால் நரகம் என்பது கட்டளை. கோயிலின் மேல் ஏறி நின்று ஊரார் கேட்கச் சொல்லிவிட்டார். தாம் ஒருவர் நரகம் போவதால் இத்தனை பேர் கடைத்தேறட்டும் என்றாராம். கதையில் கவனிக்க வேண்டியது, அவர் பதினெட்டு முறையும் நடந்தார் என்பது. வாசலின் கடுமையைத் தாம் முழுதும் தாங்கிக்கொண்டு, பிறருக்குத் திறந்துவிட்டார்.

19ஆம் நூற்றாண்டில் வாசல்களைத் திறந்தது அச்சு. 1875இல் நியூயார்க்கில் பிளவாட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் தொடங்கிய பிரம்மஞான சங்கம் 1882இல் சென்னை அடையாற்றில் இடம் வாங்கியது. எல்லா மதத்துக்கும் அடியில் ஓர் ஆதி ஞானம் இருக்கிறது என்பது அதன் கொள்கை. கொள்கையை ஏற்காதவர்களும் 1886இல் ஆல்காட் நிறுவிய அடையாறு நூலகத்தின் ஓலைச்சுவடிகளுக்குக் கடன்பட்டவர்கள். லண்டனில் சட்டம் படித்த காந்தி கீதையை முதன்முதலில் படித்தது பிரம்மஞான சங்கத்து நண்பர்கள் இருவர் அழைத்ததால்தான், அதுவும் எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலப் பெயர்ப்பில். பக்கத்து வீட்டு விளக்கில் தன் வீட்டுப் பொருளைத் தேடி எடுப்பது என்பது இதுதான். 1893இல் சிகாகோ சர்வ சமயப் பேரவை கூடியது. மூன்றே ஆண்டில், அங்கே பேசிய விவேகானந்தரின் இராஜயோக நூல் அச்சில் வந்து, குருவின் முகமே பாராத வாசகர் கைக்குப் போனது.

அறிஞர் உலகில் இந்தப் பொருளுக்கு இடம் பெற்றுத் தந்தது ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு. ஸ்காட்லாந்து நீதிபதி ஆடம் கிஃபர்டின் உயில் வழி நடந்த எடின்பரோ சொற்பொழிவுகளை 1901, 1902ஆம் ஆண்டுகளில் அமெரிக்க உளவியலர் வில்லியம் ஜேம்ஸ் ஆற்றினார். சமய அனுபவத்தின் வகைகள் என்ற அவருடைய நூல் அதில் பிறந்தது. இறையனுபவத்துக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார். சொல்லில் அடங்காதது, நெடுநேரம் நிற்காதது, தன் முயற்சிக்கு அப்பாற்பட்டு வருவது ஆகிய மூன்றோடு, அது வெறும் உணர்ச்சியாக இல்லாமல் அறிவாக இருப்பது என்பதையும் சேர்த்தார். தமக்கு அத்தகைய அனுபவம் வாய்க்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொன்னார். 1945இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எல்லா மரபுகளின் வாசகங்களையும் தொகுத்து, நிலைத்த மெய்யியல் ஒன்று எங்கும் ஓடுவதாகக் காட்டினார். 1978இல் ஸ்டீவன் கட்ஸ் அதை மறுத்தார். யூதர் யூத அனுபவத்தையே அடைகிறார், பௌத்தர் பௌத்த அனுபவத்தையே அடைகிறார், மரபு கலக்காத பச்சை அனுபவம் எதுவும் கிடையாது என்பது அவர் வாதம். இந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

அதை மதுரையில் நடந்த ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1896இல், பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட பதினாறு வயது வேங்கடராமன் சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனியே இருந்தபோது சாவு வந்துவிட்டதாக ஓர் அச்சம் பற்றியது. பிணம்போல் நீட்டிப் படுத்து, உடல் செத்தால் நான் சாகிறேனா என்று உள்ளுக்குள் பார்த்தார். செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். பிறகு அவ்வூரை விட்டு வெளியேறவில்லை. குரு இல்லை, வேதாந்த நூல் எதுவும் அதற்குமுன் கைக்கு வந்ததில்லை, பெரியபுராணம் படித்திருந்தார். தமக்கு நேர்ந்தது இன்னதென்று நூல்கள் பெயர் சொல்வதைப் பின்னால்தான் கண்டார். கட்ஸின் வாதத்துக்கு ரமணர் ஓர் இடைஞ்சல். ஆனால் அவரையும் முழுத் தனி ஆளாகச் சொல்ல முடியாது. அவர் ஓடிப்போய் நின்றது அருணாசலம் என்ற பழைய பெயரின் முன்னால். பேசாதிருந்த காலத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்' என்ற சிறு நூலானது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஞானத்தின் வழிமுறைகள் மரபிலிருந்து தனியே கழற்றி எடுக்கப்பட்டன. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட் ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி பௌத்தத்தின் கடைப்பிடி என்னும் விழிப்புணர்வுப் பயிற்சியைச் சமயச் சொல் எதுவும் இல்லாமல் நோயாளிகளுக்குக் கற்றுத் தந்தது. தீராத வலியோடு வாழ்பவருக்கு அது ஆறுதல். அதைக் குறைத்துச் சொல்ல நியாயம் இல்லை. ஆனால் பௌத்தத்தில் சீலம், சமாதி, பிரக்ஞை என்று மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள். நடுப் புரியை மட்டும் உருவி எடுத்தால் மனம் அமைதியாகும். அமைதியான மனம் முன்னிருந்த அதே ஆசைகளுக்கு இன்னும் திறமையாக வேலை செய்யவும் கூடும். கைப்பேசிச் செயலியில் பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கும் அலுவலர் நலம் பெறுகிறார். புத்தர் சொன்ன மூன்றாவது வகை அறிவு அது என்று யாரும் அவருக்குச் சொல்லாமல் இருப்பது நல்லது.

புத்தகம் மட்டும் தப்பிப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கும், மக்கள் தப்பிப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு ஒவ்வொரு சான்று வைத்திருக்கிறது. மனிதனுக்குள் தெய்வப் பொறி சிறைப்பட்டிருக்கிறது, தன் பிறப்பிடத்தை அறிவதே மீட்சி என்று நம்பிய ஞானவாதக் கிறித்தவர்களை எதிர்த்து லியோன் ஆயர் ஐரேனியஸ் ஏறக்குறைய 180இல் ஐந்து பாகமாக ஒரு மறுப்பு நூல் எழுதினார். பல நூற்றாண்டுகள் அவர்களைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி, இப்படி எதிரிகள் எழுதியதுதான். 1945இல் மேல் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே ஒரு சாடி கிடைத்தது. எருவுக்காக மண் தோண்டிய உழவர்கள் கண்டெடுத்தார்கள் என்று சொல்லப்படும் கதையின் விவரங்களை ஆய்வாளர் சிலர் இப்போது ஐயுறுகிறார்கள், சுவடிகளில் ஐயமில்லை. தோல் உறையிட்ட 13 சுவடிகள், காப்டிக் மொழியில் 50க்கு மேற்பட்ட நூல்கள். இயேசுவின் 114 வாசகங்கள் கொண்ட தோமா நற்செய்தி அதில் ஒன்று. 1977இல் ஆங்கிலத்தில் முழுத் தொகுப்பு வந்தபிறகு நாவல்களிலும் திரைப்படங்களிலும் அந்தச் சிந்தனை பரவியது. படிப்பவர் ஏராளம். அந்த நூல்களை ஓதியவர்கள் எப்படி நோன்பிருந்தார்கள், எந்தச் சடங்கில் யார் யாருக்கு எதைச் சொன்னார்கள் என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

ஈராக்கின் தென்பகுதியிலும் ஈரானின் கூஜிஸ்தானிலும் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த மாண்டேயர்கள் மறு சான்று. அவர்கள் மொழியான அரமேயத்தில் 'மாண்டா' என்றால் ஞானம். ஞானிகள் என்பதே இனத்தின் பெயர். பழைய ஞானவாதக் குழுக்களில் இடையறாது வாழ்ந்து வந்திருப்பது இவர்கள் மட்டுமே. வெளியாரைச் சேர்ப்பதில்லை. குருவாகத் தீட்சை பெறுபவர் ஆசானோடு தனிக் குடிலில் தூங்காது ஏழு நாள் இருந்து, பிறகு 60 நாள் கடும் தூய்மை காக்க வேண்டும். ஒரு குருவை இன்னொரு குருவே ஆக்க முடியும். 1831இல் வந்த காலரா அவர்களுடைய குருமாரை ஏறக்குறைய முழுவதும் வாரிக்கொண்டு போனது. தீட்சை தர ஆள் இல்லாமல் சங்கிலி அறுந்தது. குருமாரின் பிள்ளைகளாய்ப் பிறந்து, எழுத்தும் சடங்கும் கற்றிருந்து, தீட்சை பெறாத யஹியா பிஹ்ராமும் ராம் ஜிஹ்ரூனும் உட்கார்ந்து யோசித்து, ஏட்டில் இருந்ததையும் கண்ணால் பார்த்து நினைவில் வைத்திருந்ததையும் சேர்த்துக் குருமரபை மறுபடி நிறுவினார்கள். ஏடு மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது; நினைவு மட்டும் இருந்திருந்தாலும் நடந்திருக்காது.

2003க்குப் பிறகு ஈராக்கில் நேர்ந்த வன்முறையில் மாண்டேயரில் பெரும்பாலோர் நாட்டை விட்டுப் போனார்கள். ஸ்வீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவர்களுக்கு முதல் சிக்கல் தண்ணீர். தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் செல்லாது; ஓடும் ஆறு வேண்டும், அதை அவர்கள் யோர்தான் என்றே அழைப்பார்கள். சிட்னிக்கு மேற்கே நெப்பியன் ஆற்றில் இறங்குகிறார்கள். வெள்ளை உடுத்த குரு இடுப்பளவு நீரில் நிற்கிறார். வருபவர் தாமே மூன்று முறை மூழ்க, குரு மூன்று முறை முழுக்காட்டி, நெற்றியில் மூன்று முறை நீர் பூசி, மூன்று மிடறு ஆற்று நீரைக் கையால் குடிக்கத் தருகிறார். தலையில் மிர்ட்டில் தழை வளையம் வைத்த பிறகு இருவரும் வலக்கையைப் பற்றிக்கொள்கிறார்கள். அந்தக் கைப்பற்றுக்குக் 'குஷ்தா' என்று பெயர். மாண்டேய மொழியில் உண்மைக்கும் அதுவே சொல்.